அத்தான் அடுக்கிக் கொடுத்த பை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைகளைத் துடைப்பது அத்தானின் வேலை. அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. யாரும் கொடுக்காததால்தான் இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார் என்பாள் அக்கா. பால்கனியில் பழைய போர்வையை விரித்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்தும் கட்டிலுக்கு அடியிலிருந்தும் எல்லாவற்றையும் இறக்கி வைப்பார். முதுகுப் பை, தோள் பை, இடுப்பில் கட்டும் பை, சுருட்டினால் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு அடங்கிவிடும் பை, மற்றப் பைகளை உள்ளே போட்டு வைப்பதற்கென்றே வாங்கிய இன்னொரு பை. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, ஜிப்பின் பற்களில் மெழுகுவத்தியைத் தேய்த்து, திறந்து மூடித் திறந்து மூடிப் பார்ப்பார். பிறகு ஒவ்வொன்றாகக் கொடியில் தொங்கவிடுவார்.

சரியாக அப்போதுதான் அக்கா அந்த வாரத்துத் துணியைத் துவைத்துப் பிழிந்து வாளியோடு வந்து நிற்பாள்.

“நகருங்க, துணி போடணும்.”

“இன்னும் அரை மணி நேரம் பொறும்மா. உள்ள ஈரம் இருந்தா பூஞ்சை பிடிச்சுரும்.”

“எங்க துணிக்குப் பிடிக்காதா?”

“துணின்னா திரும்பத் துவைச்சுக்கலாம். பேக் அப்படி இல்லையே.”

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவர்கள் வீட்டுக்கு மேல்வீடு என்னுடையது. அவர்கள் வீட்டுத் துணி என் கொடியில் காய்வதும், அவர்கள் வீட்டுச் சேதி என் காதில் விழுவதும் இந்த வாளியால்தான்.

அத்தானுக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அத்தான் அதை வைத்து மெழுகில் வடித்து, பல் பல்லாக அடுக்கி, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பார். பட்டறையில் ஜன்னல் ஓரமாக ஒரு மேசை, கழுத்து நீண்ட விளக்கு, கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. நாள் முழுக்க முகமில்லாத வாய்களோடு உட்கார்ந்திருக்கும் வேலை. அதனாலோ என்னவோ அவருக்கு ஆள் முகம் நினைவில் நிற்காது. “யாருங்க அது வந்துட்டுப் போனது?” என்று கேட்டால், “மேல்வரிசையில ரெண்டாவது பல் கொஞ்சம் உள்வாங்கினவரு” என்பார். நம்மிடம் பேசும்போதும் அவர் பார்வை நம் கண்ணில் இருக்காது, ஒரு நான்கு விரல் கீழே இருக்கும். பழகியவர்களுக்கு இது தெரியும். புதிதாக வருகிறவர்கள் வாயைத் துடைத்துக்கொள்வார்கள்.

நல்ல மனிதர். குரல் உயர்த்தி யாரையும் ஒன்று சொன்னதில்லை. சம்பாதித்ததை வீட்டுக்குத்தான் கொண்டுவருவார், அதில் பாதி பார்சலாக வரும், அவ்வளவுதான். கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை காட்டும் கருவி ஒன்று வைத்திருக்கிறார். ஊருக்குப் போகும் பெட்டியை நிறுக்க வாங்கியது. ஊருக்குப் போகாத நாட்களில் வெங்காயத்தை நிறுக்கிறது. சாவி தொலைந்தால் கூப்பிடும் கருவி உண்டு. அந்தக் கருவி தொலைந்தால் போனில் தேடலாம். போன் தொலைந்தால் மகளைக் கூப்பிடுவார், அவள் சோபா இடுக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பாள்.

ஆப்களும் அப்படித்தான். எதற்கெடுத்தாலும் ஒரு ஆப். வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் ஆப் ஒன்றை அக்காவின் போனில் போட்டுவைத்தார். அக்காவுக்கு வேலை தண்ணீர் வாரியத்தில், புகார் பிரிவில். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை போனை எடுத்துக் காதில் வைத்து, ஊரில் யார் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

“நாள் பூரா தண்ணி வரலை, தண்ணி வரலைன்னு கேட்டுட்டு வரேன். வீட்டுக்குள்ள கால் வெச்சா இது டிங்குன்னு தண்ணி குடிங்கறது” என்றாள் என்னிடம்.

“எடுத்துற வேண்டியதுதானே?”

“எடுத்தா, ஏன் எடுத்தேன்னு கேட்டு வேற ஒண்ணு போடுவாரு.”

இதையெல்லாம் அக்கா ஒரு மாதிரி அனுசரித்துக்கொண்டாள். அவளால் அனுசரிக்க முடியாமல் போனது ஊர்ப் பயணம்தான்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது வெளியூர் போவார்கள். ஆனால் எந்த ஊர் என்பதைப் பை முடிவு செய்யும். புதுப் பை வாங்கினால் அதைக் கட்டாயம் ஒரு ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். போன இடத்தில் படம் எடுப்பார், நன்றாகவே எடுப்பார். கடல், கோட்டை, பாலம் எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னால் பையைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்க வேண்டும்.

“பேக்கோட அளவு தெரியணும்ல. பக்கத்துல ஒரு ஆள் இருந்தாத்தான் தெரியும்” என்பார்.

அந்த ஆள்தான் அக்கா. தோளில் மாட்டி ஒன்று, கையில் பிடித்து ஒன்று, முதுகைக் காட்டி ஒன்று, ஜிப்பைத் திறந்து ஒன்று. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆல்பம் போடுவார். ஊர்ப் பெயரில் ஆல்பம் கிடையாது. சாம்பல் பேக், பச்சை பேக், ரெண்டு வார் பேக் என்றுதான் இருக்கும். “நாம கடலுக்கு எப்பப் போனோம்?” என்று மகள் கேட்டால், “சாம்பல் பேக்கைப் பாரு” என்பார்.

பைப் பிரியர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. அத்தான் அதில் பெரிய புள்ளி. அவர் ஒரு பையை நல்லது என்று எழுதிவிட்டால் பத்து பேராவது வாங்கிவிடுவார்கள். அந்தப் படங்களில் எல்லாம் அக்காவின் தோள் இருக்கும், முகம் சில சமயம் இருக்கும். ஒரு தடவை அலுவலகத்துக்குப் போகும் பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் தயங்கித் தயங்கி, “நீங்க அந்த ரெண்டு வார் பேக் தோள்தானே?” என்று கேட்டாராம். அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

போன வருடம் அருவிக்குப் போனார்கள். தண்ணீர் புகாத பை ஒன்று வந்திருந்தது. புகாது என்று கம்பெனிக்காரன் சொன்னால் அத்தான் நம்பிவிடுவாரா? உள்ளே ஒரு செய்தித்தாளை மடித்து வைத்து மூடி, அக்காவின் கையில் கொடுத்து, அருவி ஓரமாகப் பாறைமேல் நிற்கவைத்தார். அக்கா குளிக்க வந்தவள். மாற்றுத்துணி, துண்டு எல்லாம் கொண்டுவந்திருந்தாள்.

“கையை மட்டும் நீட்டு. பேக் நனையட்டும், நீ நனைஞ்சுராத” என்றிருக்கிறார் அத்தான்.

“நான் ஏன் நனையக்கூடாது?”

“உன் மேல இருந்து சொட்டுச்சுன்னா, உள்ள போன தண்ணி எதுன்னு தெரியாமப் போயிரும்ல.”

பை குளித்தது. வலப்பக்கம் திருப்பிக் குளித்தது, இடப்பக்கம் திருப்பிக் குளித்தது, தலைகீழாகவும் குளித்தது. செய்தித்தாளை வெளியே எடுத்து, ஒரு சொட்டுகூட இல்லை என்று நான்கு பக்கமும் படம் பிடித்து முடிப்பதற்குள் காவலாள் விசில் ஊதிவிட்டான், நேரமாகிவிட்டது, எல்லோரும் மேலே வாருங்கள் என்று.

வீட்டுக்கு வந்து, மடிப்புக் கலையாத துண்டை அலமாரியில் வைத்துவிட்டு, அக்கா சொன்னாள்: “இனிமே உங்ககூட நான் ஊருக்கு வரலை.”

கோபமாகச் சொல்லவில்லை. புகார் பிரிவில், ‘உங்க பகுதியில இன்னைக்குத் தண்ணி கிடையாதுங்க’ என்று சொல்லும் குரல் ஒன்று வைத்திருக்கிறாள், அந்தக் குரலில் சொன்னாள். அந்தக் குரலோடு யாரும் வாதாட முடியாது.

அத்தான் இரண்டு நாள் யோசித்தார். பை கனமாக இருந்திருக்கிறது, அதுதான் விஷயம் என்று முடிவுக்கு வந்தார். இருப்பதிலேயே லேசான பை ஒன்றை வரவழைத்து அக்காவின் மடியில் வைத்தார்.

“தூக்கிப் பாரு. இருக்கறதே தெரியாது.”

“நானும் அப்படித்தானே இருந்தேன்” என்று சொல்லிவிட்டு அக்கா பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

அதன் பிறகு அத்தான் எவ்வளவோ ஊர்ப் பெயர் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “போயிட்டு வாங்க.” ஒரு சனிக்கிழமை வீம்புக்கு அவர் தனியாகக் கிளம்பிப் போனார். சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார். ஏரி, ஏரிக்கு முன்னால் ஒரு பெஞ்சு, பெஞ்சின்மேல் பை. எல்லாப் படமும் அப்படியே.

“நல்லாத்தானே இருக்கு, அத்தான்.”

“என்ன நல்லா இருக்கு? அளவே தெரியலை” என்றார். பிறகு, “டீ குடிச்சேன். ரெண்டு டீ சொல்லிட்டேன், பழக்கத்துல. ரெண்டையும் நானே குடிச்சேன்” என்றார்.

“அக்காகிட்ட சொல்லுங்களேன் இதை.”

“எதை? டீ குடிச்சதையா?”

இவரிடம் என்ன சொல்வது. ஆனால் மனிதர் உள்ளுக்குள் ஆடிப்போயிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அக்கா மறுபடி ஒரு தடவை ‘சரி, போகலாம்’ என்று சொல்ல வேண்டும், அது நடக்காமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் அலுவலகப் பெண்கள் சேர்ந்து மலைக்குப் போக முடிவு செய்தார்கள். கேஷியர் அம்மாதான் தலைவி. நாலு நாள் பயணம். அக்கா இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டே, “நானும் போறேன்” என்றாள்.

அத்தான் மறுப்பார் என்று மகள் எதிர்பார்த்தாள். நானும்தான். அவரோ தட்டிலிருந்து நிமிர்ந்து, முகமெல்லாம் வெளிச்சமாக, “பேக் நான் அடுக்கித் தரேன்” என்றார்.

மறுநாள் என் வீட்டு வாசலுக்கே வந்து சொன்னார்: “பாரு நீ. இந்தத் தடவை பேக் அவளை ஒரு தொந்தரவு பண்ணாது. எது வேணும்னாலும் கையை விட்டா அந்த இடத்துல இருக்கும். திரும்பி வரும்போது, ‘உங்ககூடவே போயிருக்கலாம்’னு சொல்லலைன்னா என்னை ஏன்னு கேளு.”

அடுக்கும் வேலை இரண்டு சாயங்காலம் நடந்தது. நான் போய்ப் பார்த்தேன். கட்டில் முழுக்கப் பொருள்கள். அக்கா கட்டில் ஓரத்தில், பல் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பவளைப் போல, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் துணிகளை அத்தான் பாய்போல இறுக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“இது என்ன?” என்று அக்கா தட்டையான ஒரு ரப்பர் வில்லையை எடுத்துக் கேட்டாள்.

“மடக்குற டம்ளர்.”

“அங்க டம்ளர் இருக்காதா?”

“இருக்கும். மடங்காது.”

“இது?”

“பவர் பேங்க். அது பக்கத்துல இருக்கறது சின்ன பவர் பேங்க். பெரிசுல சார்ஜ் தீர்ந்துட்டா இது.”

“என் போனே பாதி நேரம் அணைஞ்சுதான் கிடக்கும்.”

“அதுக்குத்தான் ரெண்டு.”

மகள் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, அம்மா திரும்பி வருவாங்கல்ல? வீட்டையே அடுக்கிட்டீங்களே.”

“நீ சும்மா இரு. மழை வந்தா என்ன பண்ணுவா?”

“நனைவாங்க.”

அத்தான் அவளைப் பார்க்கக்கூட இல்லை. பையின் அடிப்பகுதியில் ஒரு ரகசிய ஜிப்பைத் திறந்து, சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமான ஒன்றை உள்ளே வைத்தார். அக்காவின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

“அது என்ன பட்டன்?”

“ஒண்ணுமில்ல. தொலைஞ்சு போனா எங்க இருக்குன்னு என் போன்ல காட்டும்.”

“பேக்கா, நானா?”

“ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருப்பீங்க” என்றார் அத்தான்.

அக்கா வியாழக்கிழமை காலையில் கிளம்பினாள். அன்று முழுக்க அத்தான் பட்டறை மேசையில் பல் அச்சுகளுக்கு நடுவே போனைச் சாய்த்து நிறுத்திவைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். சாயங்காலம் வாளியைத் திருப்பிக் கொடுக்க நான் கீழே போனபோது, வீட்டிலும் அதே போன், அதே ஸ்டாண்ட். வரைபடத்தில் நீலமாக ஒரு புள்ளி.

“மலை ஏறி முடிச்சுட்டா. அந்த வளைவைப் பாரு, அதுல கொஞ்சம் தலை சுத்தியிருக்கும். இடது பக்க ஜிப்புல எலுமிச்சை மிட்டாய் வெச்சிருக்கேன், எடுத்திருப்பா” என்றார். கொஞ்ச நேரத்தில், “லாட்ஜ் வந்தாச்சு. மாடி ரூம்.”

“மாடின்னுகூடவா காட்டுது?”

“ஒரு ஊகம்தான்.”

மறுநாள் புள்ளி லாட்ஜிலேயே இருந்தது. காலையில் “தூங்கட்டும், அலுப்பு” என்றார். மதியம் எனக்குப் போன் செய்து, “இன்னும் ரூம்லதான் இருக்கா” என்றார். சாயங்காலம் அவரே மேலே ஏறி வந்துவிட்டார். கையில் போன்.

“அசையவே இல்லை.”

“போன் பண்ணிப் பாருங்களேன்.”

“அணைச்சு வெச்சிருக்கா. காலையில ‘நல்லா இருக்கேன்’னு ஒரு மெசேஜ், அவ்வளவுதான். அவ என்னைக்கு நல்லா இருக்கேன்னு தானா சொல்லியிருக்கா?”

கூடவே வந்திருந்த மகள், “யாராவது கேட்டிருந்தாத்தானே” என்றாள்.

அத்தான் அதைக் காதில் வாங்கவில்லை. “உடம்பு சரியில்லாம இருக்கும். இல்லைன்னா எல்லாரும் இவளை விட்டுட்டுக் கிளம்பிப் போயிருப்பாங்க. இவ கேட்கவும் மாட்டா. ரூம்ல உக்காந்துக்கிட்டு இருக்கா, பேக்கைப் பார்த்துக்கிட்டு.” போன் திரையைத் துடைத்துக்கொண்டே, “என்னை நெனச்சுக்கிட்டுகூட இருக்கலாம்” என்றார். அப்போது அவர் குரலில் கவலைக்கு நடுவே லேசாக ஒரு ஆசையும் எட்டிப்பார்த்தது.

சனிக்கிழமை காலையிலும் புள்ளி அங்கேயேதான் இருந்தது. அத்தான் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டார். நேரில் போய்க் கூட்டிவருவது என்று முடிவு. நான் கீழே போனபோது ஹாலில் பைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எந்தப் பையை எடுப்பது என்று தெரியவில்லை.

“ஒரு ராத்திரிக்கு இது பெரிசு. ஆனா அவளுக்கு உடம்பு முடியலைன்னா அவ சாமானையும் நான்தானே தூக்கணும், அதுக்கு இது சின்னது.”

“சும்மா போங்களேன், அத்தான்.”

“சும்மான்னா?”

“கையை வீசிக்கிட்டு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், செருப்பில்லாமல், சட்டையில்லாமல் போ என்று நான் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அவர் ஒன்றில் பொருளை வைப்பதும், எடுத்து இன்னொன்றில் வைப்பதுமாக இருந்தார். முதல் பேருந்து போய்விட்டது. இது ஆகிற காரியமில்லை என்று நான் கேஷியர் அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல், சிரிப்பு.

“உங்க அக்காவா? அவங்களைத் தண்ணியில இருந்து வெளிய இழுக்கறதுதான் ரெண்டு நாளா எங்களுக்கு வேலை. ரூம்லயா? ரூமுக்குத் தூங்கத்தான் போறோம். இருங்க, படம் அனுப்பறேன்.”

படங்கள் வந்தன. அத்தான் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

ஓடைக்கு நடுவே, இடுப்பளவு தண்ணீரில் அக்கா நிற்கிறாள். முடி கன்னத்தில் ஒட்டிக்கிடக்கிறது. யாரோ தண்ணீரை வாரி அடித்திருக்க வேண்டும். கண்ணை இறுக்க மூடி, வாயை அகலத் திறந்து சிரிக்கிறாள். இரண்டு கையும் காலியாக, பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன.

அத்தான் வழக்கம்போல இரண்டு விரலால் படத்தில் வாயைப் பெரிதாக்கினார். மேலும் பெரிதாக்கினார். திரை முழுக்கப் பல்தான்.

“இது நான் பண்ணின பல்” என்றார்.

சில வருடங்களுக்கு முன்பு அக்கா எதையோ கடித்து மேல்வரிசையில் உள்பக்கமாக ஒரு பல் உடைந்துபோனது. அதற்கு மேலே மாட்டும் பல் உறையை அத்தானே செய்தார். அக்காவை வெயிலில் நிற்கவைத்து, நிழலில் நிற்கவைத்து, நிறம் பொருந்தவில்லை என்று தூக்கிப்போட்டு, மறுபடி மறுபடி செய்தார். உள்ளே இருக்கிற பல்லுக்கு யார் நிறம் பார்க்கப்போகிறார்கள் என்று அக்காகூடச் சலித்துக்கொண்டாள். அந்தப் பல் வெளியே தெரிய வேண்டுமென்றால் மனுஷி அவ்வளவு அகலமாகச் சிரிக்க வேண்டும்.

“ஷேடு கரெக்டா இருக்கு” என்றார் மெதுவாக. பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

அவருடைய படங்களையெல்லாம் முகம் முகமாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரு சாப்ட்வேர் உண்டு. சிரிக்கும் முகம் என்று கேட்டால் சிரிக்கும் முகங்களை மட்டும் எடுத்துத் தரும். கேட்டார். மகள் நிறைய வந்தாள். நான் சில படங்களில் வந்தேன். கடற்கரையில் எங்களுக்குப் பின்னால் நின்ற யாரோ ஒருவர் வந்தார், ஒரு குதிரை வந்தது. அக்காவின் வரிசையில் ஒரே ஒரு படம்தான் வந்தது. அதில் அக்கா உதட்டை ஒட்டிக்கொண்டு நேராக நிற்கிறாள். நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கும் பையில் ஜிப் பிறைபோல வளைந்து மேல்நோக்கி இருக்கிறது. சாப்ட்வேர் அதைத்தான் வாய் என்று நினைத்து வட்டமிட்டிருந்தது.

“அப்பா, அம்மா பேக் வழியா சிரிக்கறாங்க” என்று மகள் குலுங்கிச் சிரித்தாள். அத்தான் சிரிக்காததைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அத்தான் எழுந்து ஹாலில் கிடந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். ஊருக்குப் போகவில்லை. படியேறப்போன என்னைக் கூப்பிட்டு, “அவ வந்ததும் நான் எதுவும் கேட்கப்போறதில்லை” என்றார்.

“எதுவுமா?”

“பேக்கைப் பத்தி.”

“உங்களால முடியாது, அத்தான்.”

“நீ வந்து உக்காந்து பாரு.”

அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது. குரல் கம்மியிருந்தது. வந்ததும் பையைத் தரையில், நடு ஹாலில், பொத்தென்று போட்டாள். அத்தானின் தோள் ஒரு தடவை துள்ளி அடங்கியது.

பையின் அடியில் சேறு காய்ந்திருந்தது. வார் ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது. கொக்கிகள் எல்லாம் அவர் பூட்டிக் கொடுத்த மாதிரியே இருந்தன. முன்பக்கத்து ஜிப் ஒன்றுதான் திறந்து மூடப்பட்டிருந்தது, அதுவும் துண்டின் நுனி மாட்டிக்கொண்டு பாதியில் நின்றிருந்தது. மடங்கும் டம்ளரும் இரண்டு பவர் பேங்கும் உறையைவிட்டு வெளியே வரவே இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அத்தான் பையைப் பார்க்காமல் இருப்பதற்காக மின்விசிறியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் டீ போடுகிறேன் என்று எழுந்து போனார்.

டீயை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.”

“தண்ணி?”

“ஜில்லுனு.”

அத்தான் தலையை ஆட்டினார். கண் பையின் பக்கம் போனது, இழுத்துக்கொண்டார். அவர் படும் பாட்டை மகளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அம்மா, அப்பா உன்னைத் தேடி மலைக்கே கிளம்பிட்டாரு, தெரியுமா? எந்த பேக்னு முடிவாகலை, அதனால நின்னுட்டாரு.”

“என்னை எதுக்குத் தேடணும்?”

“புள்ளி நகரவே இல்லையாம். நீ ரூம்லயே அழுதுக்கிட்டு இருக்கன்னு.”

“பேக் ரூம்ல இருந்துச்சு” என்றாள் அக்கா. “அதைத் தூக்கிக்கிட்டு யாரு அலையறது? முதல் நாளே கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். பிரஷ்ஷும் துண்டும் ரெண்டு மாத்துத் துணியும்தான் எடுத்தேன்.”

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவ்வளவு பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு, டீயை ஊதிக்கொண்டே, தானாகவே பேசினாள். “ரூம் சாவி ஒரு கையில. இன்னொரு கை சும்மா இருந்துச்சு. முதல் நாள் அதை என்ன பண்றதுன்னே தெரியலை. நடக்கும்போது எதையோ மறந்து வெச்சுட்டு வந்த மாதிரியே இருந்துச்சு, நின்னு நின்னு திரும்பிப் பார்த்தேன். கேஷியர் அம்மாகூட என்னம்மா தேடறீங்கன்னு கேட்டாங்க. அடுத்த நாள் சரியாயிருச்சு.”

“சிரிச்சிருந்த” என்றார் அத்தான்.

“எங்க?”

“போட்டோல. கேஷியர் அம்மா அனுப்பினாங்க. பல் நல்லா உக்காந்திருக்கு.”

அக்கா உதட்டை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “பல்லைத்தான் பார்த்தீங்களா?”

“பல்லையும் பார்த்தேன்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் பிஸ்கட் எடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அத்தான் கொஞ்ச நேரம் தன் பேண்ட்டின் முட்டிப் பக்கத்தை நீவிவிட்டார். பட்டறையில் மெழுகு இறுகும்வரை காத்திருக்கும்போது அப்படித்தான் செய்வார்.

“அடுத்த தடவை எங்கயாவது போனா, நானும் வரட்டா?” என்று கேட்டார். எத்தனையோ ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், வரட்டா என்று கேட்டது அன்றுதான்.

அக்கா அவரை நன்றாகப் பார்த்தாள்.

“வாங்க” என்றாள்.

அத்தான் நிமிர்ந்தார். “சின்னதா ஒண்ணு இருக்கு, ரெண்டு பேர் துணிக்கும் அது போதும், நானே தூக்கிக்கறேன், நீ தொடவே வேண்டாம், அதுல பக்கவாட்டுல ஒரு…”

“பேக் வேண்டாம்” என்றாள் அக்கா. “உங்களுக்கு ஒரு மாத்துத் துணி, அதை நான் என் கைப்பையில வெச்சுக்கறேன். கேமரா வேண்டாம். அந்தப் பட்டன் வேண்டாம். போன் வீட்டுலயே இருக்கட்டும், இவ பார்த்துக்குவா. நீங்க சும்மா என்கூட வரணும், அவ்வளவுதான். வருவீங்களா?”

அத்தான் மறுபடி முட்டியை நீவினார். மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன், அவளும் சிரிக்கவில்லை. கேள்வி புகார் பிரிவுக் குரலில் வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தாள், பதிலுக்காகக் காத்துக்கொண்டும் இருந்தாள்.

“கேட்டேன்ல” என்றாள் அக்கா.

அத்தான் எழுந்தார். என் டம்ளரை எடுத்தார், மகளுடையதை எடுத்தார், அக்கா இன்னும் குடித்து முடிக்காததையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். காலியாக ஒரு கைகூட இல்லாமல், எல்லாவற்றையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.